கடைசியாக உள்ளே வந்தவர்

ஆக்-தெரெக்
அக்டோபர் 4

பொத்தானுக்கு,

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ மூக்கொழுகும் பொடியன். புகுந்த வீட்டார் பெயரை மருமகள் வாயில் எடுக்கக் கூடாதே, அதனால் உன் அண்ணன் ‘இவர்’ ஆனார், உன் அப்பா ‘பெரியவர்’ ஆனார், நீ ‘பொத்தான்’ ஆனாய். ரேடியோ, டார்ச், கால்குலேட்டர், எது கிடைத்தாலும் அழுத்திக்கொண்டே இருப்பாய். இப்போது பிஷ்கெக்கில் உட்கார்ந்து அதையே தொழிலாகச் செய்கிறாய். பெயர் வைத்தவளுக்கு ஒரு நன்றி உண்டா?

“போன்ல சொல்லாதீங்க அண்ணி, எழுதுங்க. எங்கெங்க முட்டுதோ அங்கங்க கையேட்டைத் திருத்தறேன்” என்றாய். எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் பள்ளி அடுப்புக்கு நிலக்கரி வரவில்லை என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிடவே இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் அந்த அடுப்பைக் கேள்.

இணையத்தில் அறிவிப்புப் பலகை கட்டுவதற்கு உங்கள் கூட்டம் சும்மா கொடுக்கிற சட்டகத்துக்குக் ‘கெரெகே’ என்று கூடாரச் சுவரின் பெயரை வைத்திருக்கிறீர்கள். நிஜக் கெரெகேயை நானும் இன்னொரு பெண்ணும் தேநீர் ஆறுவதற்குள் விரித்து நிறுத்திவிடுவோம். உங்களுடையதை நிறுத்துவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. முதல் பக்கத்தில் வரிக்கு வரி ‘எளிது’ என்கிறாய். ஊசி போடுகிற நர்சும் அப்படித்தான் சொல்வாள், கையைப் பின்னால் வைத்துக்கொண்டு. அப்புறம் அந்தக் கறுப்பு ஜன்னலில் அடிக்கச் சொன்ன வரிகளுக்கு முன்னால் எல்லாம் ஒரு டாலர் குறி. நானும் பயபக்தியோடு டாலர் குறி போட்டேன். அது என்னைத் திட்டியது. மறுபடி போட்டேன். மறுபடி திட்டியது. அந்தக் குறியை அடிக்கக் கூடாது என்று எங்கேயடா எழுதியிருக்கிறாய்?

ஆனாலும் பலகை நின்றுவிட்டது. காரா-ஜால் கணவாய் திறந்திருந்தால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு. காலையில் மேலேயிருந்து சாலைக்காரர் துருஸ்பெக் வயர்லெஸ்ஸில் சொல்வார், நான் மாற்றுவேன். முன்பெல்லாம் ஓட்டுநர்கள் கடைக்குள் வந்து, ஒரு கிண்ணம் சோர்போ சூப் வாங்கிக் குடித்துவிட்டு, என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். இப்போது மலைக்கு இரண்டு பக்கமும் போனைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். இவரும் அப்படித்தான். பொண்டாட்டி வாயை நம்பாதவர், பொண்டாட்டி பலகையை நம்புகிறார்.

சாப்பாட்டுக்கடை ஜூராகான்


பிஷ்கெக்
அக்டோபர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

டாலர் குறிகள் எல்லாம் போய்விட்டன. ‘எளிது’ம் போய்விட்டது. உங்கள் கடிதத்தை எங்கள் குழுவில் வாசித்தேன், ஒருவன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். கையேட்டின் மூன்றாம் பக்கத்தோடு எத்தனையோ பேர் எங்களை விட்டுப் போகிறார்கள், ஏன் என்று யாருமே இப்படிச் சொன்னதில்லை.

ஒன்று கேட்கிறேன். தொடக்கப் பக்கத்தை நீங்களே எழுதித் தருவீர்களா? பண்பாட்டு இல்லத்தில் நீங்கள் பெண்களுக்குச் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களிடம் சொல்வதுபோலவே எழுதுங்கள். குளிர்காலப் பதிப்போடு வெளியிடுகிறோம்.

அண்ணன் நலமா? அப்பா இறந்து வருஷம் ஆனதற்கு வைத்த விருந்துக்கு நான் வராததிலிருந்து என் போனை எடுப்பதில்லை. பதிப்பு வெளியாகிற வாரம் என்று சொன்னேன், அது அவருக்கு ஒரு காரணமாகவே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கையேட்டில் உதாரணத்துக்கு வருகிற ‘மாதிரி ஆளு’க்கு அப்பாவின் பெயரை வைத்தேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் சேர்ப்பது தொக்தோசுன் என்ற ஆளைத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

எர்னிஸ்


ஆக்-தெரெக்
அக்டோபர் 21

பொத்தான்,

எழுதிவிட்டேன், இத்துடன் அனுப்புகிறேன். வகுப்பில் பேசினதை அப்படியே போட்டிருக்கிறேன். புருல் தெரியுமல்லவா, பள்ளிக் கொதிகலன் பார்க்கிறவள், அவள் கொதிகலன் சூட்டைக் காட்ட ஒரு பலகை கட்டுகிறாள். அவள் கேட்டாள், “ஏன்டி ஜூராகான், எதைத் தொட்டாலும் ‘சேமி, சேமி’ங்குதே, யாருக்குச் சேமிக்கறது?”

“உன் புருஷன் கண்ணுல படாம சேமி, போதும்”னேன்.

அதிலிருந்து ஒருத்தியும் சேமிக்க மறப்பதில்லை. அந்த வரியும் பக்கத்தில் இருக்கிறது, வெட்டாதே.

வெட்டினது ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். உன் மாதிரி ஆள். பெரியவர் பெயரைச் சேர்க்கச் சொன்ன இடத்தில், உன் பக்கத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு. அதுவரை சரி. கடைசிப் படியில், ‘இனி மாதிரி ஆள் தேவையில்லை, அவர் பெயரை அடித்து நீக்கவும்’ என்கிறாய். நீக்குவதற்கு வருகிற அந்தப் பெட்டி ஒட்ட விடமாட்டேன் என்கிறது. ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடிக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் நாக்கில் வராத பெயரை விரலில் வரவழைக்கவா? நாக்கு மட்டும்தான் மருமகளா, விரல் இல்லையா? அதுவும் எதற்கு? நீக்குவதற்கு! செத்துப்போன மாமனாரை!

வகுப்பில் இருக்கிறவர்கள் பாதிப்பேர் நம் வம்சத்து மருமகள்கள். ஒருத்தியும் கை வைக்கவில்லை. “இருந்துட்டுப் போகட்டும், வாசல்ல ஒரு பெரிய மனுஷன் உக்காந்திருந்தா நல்லதுதானே” என்றாள் புருல். எனவே அந்தப் படியையே எடுத்துவிட்டேன். உன் பக்கத்துக்கு ஒரு குறையும் வராது.

இவர் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் உன் பழைய டார்ச்சை லாரியில் வைத்திருக்கிறார். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

ஜூராகான்


பிஷ்கெக்
நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பக்கம் வெளியாகிவிட்டது. ‘அண்ணியின் பக்கம்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கசாக்கில், உஸ்பெக்கில், ரஷ்யனில் பெயர்த்துவிட்டார்கள். ‘புருஷன் கண்ணில் படாமல் சேமி’ எல்லா மொழியிலும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் இப்போது யாரும் விட்டுப் போவதில்லை, கடைசிவரை வருகிறார்கள்.

அந்த நீக்குகிற படியை நான் கவனித்தேன். அது இல்லாவிட்டால் திருடன் நுழைய வழியாகிவிடும் என்று குழுவில் ஒருவன் முணுமுணுத்தான். நான்தான், தொடக்கத்திலேயே திருடனைப் பற்றிப் பேசினால் புதியவர்கள் மிரண்டு ஓடுகிறார்கள் என்று சொல்லி, அதை ஏழாம் அத்தியாயத்தில் ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ் வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்பாவை நீக்கச் சொல்கிற வரி முதல் பக்கத்தில் இல்லாதது எனக்கும் நிம்மதி.

அந்த டார்ச் இன்னும் எரிகிறதா?

எர்னிஸ்


ஆக்-தெரெக்
நவம்பர் 16

பொத்தான்,

உங்கள் அப்பா வந்திருந்தார்.

சிரிக்காதே. பலகையின் கீழ் மூலையில் ‘கடைசியாக உள்ளே வந்தவர்’ என்று ஒரு வரி வரும் இல்லையா? எப்போதும் என் பெயர்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை பார்த்தால் பெரியவர் பெயர். வந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், ஒன்றையும் தொடாமல் போயிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் கடைக்கு அப்படித்தான் வருவார், சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், போய்விடுவார்.

இவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போயிற்று.

“போர்சோக் பொரிச்சியா?”

“இனிமேதான்.”

“பொரி மொதல்ல. அப்பாருக்குப் பசிச்சிருக்கு. எண்ணெய் வாசனை போய்ச் சேரணும்.”

மாவைத் துண்டு துண்டாக வெட்டிப் பொரித்தேன், செத்தவர்களுக்கு அந்த வாசனைதானே சாப்பாடு. பொரித்துக்கொண்டிருக்கும்போதே புருல் ஓடி வந்தாள். அவள் கொதிகலன் பலகையிலும் பெரியவர். மாட்டு வைத்தியர் பெண்டாட்டி பலகையிலும். அன்று சாயங்காலம் தெரு முழுக்க எண்ணெய் வாசனை. கணவாயிலிருந்து இறங்கி வந்த ஓட்டுநர்கள், “இன்னைக்கு என்ன, ஊரே விருந்தா?” என்று கேட்டார்கள். தட்டில் போட்டுக் கொடுத்தோம்.

அன்றைக்கு இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “அப்பா இருந்திருந்தா ‘ஒட்டகக்குட்டி, வயித்தைக் காயப்போடாத’ன்னு சொல்லியிருப்பாரு” என்றார். பெரியவர் அவரை அப்படித்தான் கூப்பிடுவார் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது.

பனி விழ ஆரம்பித்துவிட்டது.

ஜூராகான்


பிஷ்கெக்
நவம்பர் 18

அண்ணி,

கேலி செய்வதற்கு என் அப்பாவைக்கூட விடமாட்டீர்களா? அல்மாத்தி கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் படித்தேன், ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். தெரு முழுக்கப் போர்சோக் பொரித்தீர்களாம்! கூட்டத்தில் இதைச் சொன்னேன், கைதட்டினார்கள்.

வகுப்புப் பெண் எவளாவது அந்த ‘மாதிரி ஆள்’ வழியாக நுழைந்து விளையாடியிருப்பாள். மறுபடி அப்பா வந்தால் என் சலாம் சொல்லுங்கள்.

எர்னிஸ்


ஆக்-தெரெக்
நவம்பர் 30

பொத்தான்,

இது கேலி இல்லை. கேலி செய்தால் சிரிக்கிறாய், சரி. கேலி செய்யாதபோதும் நீ சிரித்தால் நான் எந்த வார்த்தையில் எழுதுவது?

வகுப்புப் பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன். ஒருத்தியும் இல்லை. இருந்தால் புருல் முகத்தில் தெரிந்துவிடும், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்த வாரம் பெரியவர் தினமும் வருகிறார். நேற்று பலகை சிவப்பில் இருந்தது. நான் கடையில் லக்மான் நூடுல்ஸுக்கு மாவு இழுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே பச்சையாகியது. நான் கை துடைப்பதற்குள் மறுபடி சிவப்பு. இருட்டில் நடக்கிறவன் கதவுக் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு விடுவானே, அப்படி. புருலின் பலகையில் கொதிகலன் சூடு கொஞ்ச நேரம் தாறுமாறாகக் காட்டியதாம். அவள் பயந்துபோய் நெருப்பைக் குறைக்க ஓடினாள். போய்ப் பார்த்தால் கொதிகலன் சும்மா இருக்கிறது.

“பெரியவருக்கு நாம என்ன குறை வெச்சோம்?” என்று அழுகிறாள். எங்கள் வீட்டுப் பெரியவர் குழந்தைகள் படிக்கிற பள்ளியைக் குளிரவைக்கிற ஆள் இல்லை. இது அவர் இல்லை, பொத்தான். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு எவனோ நடக்கிறான்.

இவர் நாளை மலைக்கு அந்தப் பக்கம் போகிறார், நிலக்கரி ஏற்ற.

ஜூராகான்


பிஷ்கெக்
டிசம்பர் 1

அண்ணி,

மன்னியுங்கள். கூட்டத்தில் கைதட்டியவர்கள் முகம் ஒவ்வொன்றும் ஞாபகம் வருகிறது.

தேடிப் பார்த்தேன். உங்கள் பக்கத்தைப் படித்துக் கட்டிய பலகைகள் எத்தனையோ, பெரும்பாலானவற்றில் அப்பா இருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தை ஒருவரும் திறந்ததே இல்லை. அவருடைய பாஸ்வேர்ட் நம் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது, உலகம் முழுக்கப் படிக்கலாம். புதியவர்கள் மறந்துபோய் வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அதை யாரும் மாற்ற முடியாதபடியும் நாங்களே கட்டியிருக்கிறோம். எவனோ ஒருவன் அந்த ஒரே சாவியோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு நகரத்தில் ஆம்புலன்ஸ் வரிசைப் பலகை. எங்கோ ஓர் அணையின் மதகுப் பலகை. எல்லாவற்றிலும் ‘கடைசியாக உள்ளே வந்தவர்: தொக்தோசுன்’. என்ன வேண்டும் அவனுக்கு என்று தெரியவில்லை. தெரிந்தால்கூடப் பயம் குறையும்.

கையேட்டைத் திருத்திவிட்டேன். ஆனால் படித்து முடித்தவர்கள் திரும்பி வந்து முதல் பக்கத்தைப் படிப்பதில்லை.

இதைப் படித்த உடனே அந்தப் பெட்டியில் அப்பாவின் பெயரை அடித்து நீக்குங்கள். உங்கள் பலகையில் உங்களால் மட்டும்தான் முடியும், அவர் பெயரில் நுழைகிறவனால் அவரையே நீக்க முடியாது. பாவம் எதுவும் இல்லை, அண்ணி. பாவம் இருந்தால் பெயரை வைத்தவன் தலையில்.

எர்னிஸ்


ஆக்-தெரெக்
டிசம்பர் 2

பொத்தான், அவசரம்.

நேற்றே நீக்கியிருக்க வேண்டும். கை வைத்தேன். பாதிப் பெயர் அடித்தேன். இவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மகன் மலையில் இருக்கும்போது அப்பனை நீக்கு என்று அடிப்பேனா? வந்ததும் அடிக்கலாம் என்று வைத்தேன்.

இன்று காலை பலகை என்னை உள்ளே விடவில்லை. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்கிறது. என் பலகையில் நான் இல்லை. அவன் என்னை நீக்கிவிட்டான்.

பலகை பச்சையில் இருக்கிறது. துருஸ்பெக் வயர்லெஸ்ஸில் கத்துகிறார், “ஏம்மா, பச்சையா போட்டிருக்க? மேல கண்ணு தெரியல, சரிவு எப்ப வேணாலும் இறங்கும்!” இந்தப் பக்கம் நான் சாலைக்கு நடுவில் மேசைகளைப் போட்டு மறித்துவிட்டேன். அந்தப் பக்கம்? இங்கே போன் கோபுரம் பனியில் சாய்ந்துவிட்டது, கடைக்கு வரும் இணையக் கம்பி மட்டும்தான் உயிரோடு இருக்கிறது, இந்தக் கடிதம்கூட அதில்தான் வருகிறது. இவரைக் கூப்பிட எனக்கு வழி இல்லை. உன் போனை எடுக்க மாட்டார், தெரியும். ஆனாலும் அடி. அடித்துக்கொண்டே இரு.

ஜூராகான்


பிஷ்கெக்
டிசம்பர் 2

அண்ணி,

அடித்தேன். மணி போனது. வெட்டினார். மறுபடி அடித்தேன். வெட்டினார். சிக்னல் இருக்கிறது, என் பெயர் தெரிகிறது, விரலால் தள்ளிவிடுகிறார். அந்தப் பக்கத்துச் சாலை அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை.

வேறு வழி தெரியவில்லை. அவன் நுழைந்த வழியிலேயே நானும் நுழைந்தேன், அப்பாவாக. பலகையைச் சிவப்பாக்கினேன். பச்சையானது. சிவப்பாக்கினேன். பச்சையானது. அவனும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே பெயரில்.

அப்போதுதான் பலகையின் கீழே நீங்கள் ஓட்டுநர்களுக்குச் செய்தி எழுதுகிற பெட்டி கண்ணில் பட்டது. அதில் எழுதினேன்: ‘ஒட்டகக்குட்டி, வண்டியைத் திருப்பு.’

அதை அவன் அழிக்கவில்லை. வெகுநேரம் எதையுமே தொடவில்லை. படித்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

உங்களைத் திரும்பப் பலகையில் சேர்த்துவிட்டேன். என் பெயரையும் பலகையில் சேர்த்து, அதன் வழியாக நுழைந்து, நானே அப்பாவை நீக்கப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் பாதிப் பெயர் அடித்தேன். விருந்துக்கு வராதவன் இதற்கு மட்டும் வந்தேன் என்றாகிவிடும் போலிருந்தது. கை நின்றுவிட்டது. நீங்கள் செய்யுங்கள். அண்ணன் வந்தாரா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

எர்னிஸ்


ஆக்-தெரெக்
டிசம்பர் 5

பொத்தான்,

வந்துவிட்டார். போனில் பலகையைப் பார்த்திருக்கிறார், வளைவிலேயே வண்டியைத் திருப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் சுற்றுவழியில் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னால் ஒரு ரொட்டி வண்டி போயிற்றாம், பச்சையைப் பார்த்துவிட்டு. அந்தப் பையனை யாரும் ஒட்டகக்குட்டி என்று கூப்பிடவில்லை. துருஸ்பெக்கும் ஆட்களும் இன்னும் பனியைத் தோண்டுகிறார்கள். அவன் அம்மா என் கடையில் உட்கார்ந்திருக்கிறாள், தேநீர் ஊற்றினால் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள்.

இவர் வந்த கையோடு நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன், நீ சொன்னதைச் செய்ய. பின்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

“தொடாத. அது எங்கப்பாரு.”

“அது உங்க தம்பி எழுதினது. எனக்கு எழுதியிருக்கான், படிக்கறேன் கேளுங்க.”

“அவனா? விருந்துக்கு வராதவனா என்னை ஒட்டகக்குட்டின்னு கூப்பிடப் போறான்?”

“போன் அடிச்சானே, நீங்க எடுத்தீங்களா?”

“அவன் போன் அடிச்சான். அப்பா ஒட்டகக்குட்டின்னு கூப்பிட்டாரு. ரெண்டும் ஒண்ணா?”

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர் மகனைக் காப்பாற்றினார். இனி ஒருத்தியும் நீக்க மாட்டாள். உன் ஏழாம் அத்தியாயத்தை வகுப்பில் உரக்க வாசித்தேன். கடைசிவரை கேட்டார்கள். கேட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார்கள். ரொட்டி வண்டியைப் பற்றி நான் பேசினால், “அந்தப் பையன் அன்னைக்குக் கும்பிடாம கிளம்பியிருப்பான்” என்கிறாள் புருல். நல்லவள்தான். பள்ளிக் கொதிகலன் அவள் கையில் இருக்கிறது.

இன்று காலை கடையைத் திறந்ததும் பலகையைப் பார்த்தேன். கடைசியாக உள்ளே வந்தவர், பெரியவர். நிறத்தைத் தொடவில்லை, சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. செய்திப் பெட்டியில் மட்டும் ஒரு வரி:

‘ஒட்டகக்குட்டி, பாதை சரியாகிவிட்டது, வா.’

இதை எழுதியது நீயா? நீ இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

இவர் எனக்கு முன்னாலேயே படித்துவிட்டார். அப்பா கூப்பிடுகிறாராம். ரொட்டி வண்டிப் பையனைக் காட்டித் தரத்தான் கூப்பிடுகிறாராம். கோட்டை மாட்டிக்கொண்டு லாரிச் சாவியைத் தேடுகிறார். சாவி என் ஏப்ரன் பையில் இருக்கிறது. கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டி பக்கத்திலேயே திறந்திருக்கிறது. ஒரே மூச்சில் அடித்துவிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் என்னால் மறுபடி முடியாது. அதனால் முதலில் உன்னிடம் எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

தொக்தோசுன்.

பார், எழுதிவிட்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வெளியே லாரி உறுமுகிறது. சாவி பையில்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டேன். மாற்றுச் சாவி ஒன்று எங்கேயோ இருந்திருக்கிறது, பொத்தான்.